அலுவலகக் கணினியும் சொந்த பென்டிரைவும்: அந்தரங்கத்தின் எல்லை எது?

அலுவலகம் தந்த கணினியில் ஊழியர் ஒருவர் தம் சொந்த பென்டிரைவைச் செருகி, அதிலுள்ள கோப்புகளைத் திறந்து படித்து, அதிலேயே வைத்திருக்கும் உலாவியைக் கொண்டு இணையத்தைப் பார்த்து, வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துச் சென்றுவிட்டால், அவர் செய்தது எதுவும் அந்தக் கணினியில் தங்குவதில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கோப்பு பென்டிரைவில் இருக்கிறது, பென்டிரைவ் சட்டைப்பையில் இருக்கிறது, எனவே அந்தரங்கம் பத்திரமாக இருக்கிறது என்பதே இந்த நம்பிக்கையின் அடிப்படை. இது எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் பொய்க்கிறது, நிறுவனங்கள் பென்டிரைவைக் கண்டு அஞ்சுவதற்கு என்ன காரணம், நீதிமன்றங்கள் இதை எப்படி நோக்கியுள்ளன, இந்தியச் சட்டத்தில் ஊழியரின் நிலை என்ன என்ற கேள்விகளை ஒருசேர எடுத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. அலுவலகக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் இயங்குதளத்தில் ஓடுவதால், தொழில்நுட்ப விளக்கங்கள் அதை ஒட்டியே அமைகின்றன.

ஊழியரின் தேவை உண்மையானது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கைப்பேசி இல்லாத ஊழியரைக் காண்பது அரிது. வீட்டில் கணினி இல்லாத ஊழியர்களோ ஏராளம். வருமான வரிப் படிவம், வருங்கால வைப்பு நிதியின் பாஸ்புக், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம், தேர்வாணையத் தேர்வுக்கான சான்றிதழ் நகல்கள், ஆதார் அட்டையின் பி.டி.எஃப். போன்றவற்றைப் பெரிய திரையில் சரிபார்க்கவும் அச்செடுக்கவும் அவர்கள் மதிய இடைவேளையில் அலுவலகக் கணினியைத்தான் நாடுகிறார்கள். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவை நீட்டினால், கோப்புறைகளை மறைத்துவிட்டு அவற்றின் பெயரிலேயே போலிக் குறுக்குவழிகளை வைக்கும் ‘ஷார்ட்கட் வைரஸ்’ ஒட்டிக்கொண்டு வரக்கூடும் என்பது பலருக்கும் பட்டறிந்த உண்மை; அப்படி ஒட்டிக்கொண்டு வந்ததே மறுநாள் காலை அலுவலகக் கணினிக்குள் போகிறது என்பது நிறுவனங்கள் பட்டறிந்த உண்மை. இவ்விரண்டில் எது ஒன்றை மறந்தாலும் கேள்வியின் பாதிதான் கையில் மிஞ்சும்.

சாதனம் வந்த வழி

கணினியோடு எந்தத் துணைக்கருவியையும் ஒரே வகைத் துளை வழியாக இணைக்கும் யூ.எஸ்.பி. என்ற பொதுத்தரம் 1996-இல் வெளியானது. அதைப் பயன்படுத்தும் கைக்கடக்கமான சேமிப்புச் சாதனங்கள் 2000-ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தன. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் ‘தம்ப் டிரைவ்’ என்ற பெயரிலும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் உருவாக்கியதை ஐ.பி.எம். ‘டிஸ்க் ஆன் கீ’ என்ற பெயரிலும் விற்றன. பிந்தையதன் முதல் கொள்ளளவு 8 எம்.பி. மட்டுமே; அதுவே அன்றைய பிளாப்பி வட்டின் 1.44 எம்.பி.யைப் போல ஐந்து மடங்குக்கு மேல். கொள்ளளவு சில ஆண்டுகளில் ஜி.பி. கணக்கை எட்டியதும், கோப்புகளை மட்டுமின்றி மென்பொருள்களையும் பென்டிரைவிலேயே வைத்து, எந்தக் கணினியிலும் நிறுவாமல் அங்கிருந்தே இயக்கும் வழக்கம் பிறந்தது. உலாவி, மின்னஞ்சல் செயலி, கடவுச்சொல் பெட்டகம், தமிழ்த் தட்டச்சு மென்பொருள் என்று பலவற்றுக்கும் இத்தகைய ‘போர்ட்டபிள்’ வடிவம் உண்டு. கணினியில் மென்பொருள் நிறுவும் அதிகாரம் ஊழியருக்குத் தரப்படாத அலுவலகங்களில் இந்த வடிவம் பெரும் வசதியாகத் தோன்றியதும், சுவடில்லாமல் வேலை செய்யலாம் என்ற எண்ணம் அதையொட்டி வளர்ந்ததும் இயல்பே.

செருகிய கணத்தில் நடப்பது

பென்டிரைவைச் செருகியவுடன் விண்டோஸ் செய்யும் முதல் வேலை அது எது என்று கேட்பது. சாதனம் தன் தயாரிப்பாளர் பெயர், மாதிரிப் பெயர், வரிசை எண் ஆகியவற்றைச் சொல்கிறது. கணினி இவற்றை ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் தன் மையப் பதிவேட்டில், ‘யூ.எஸ்.பி.ஸ்டோர்’ என்ற தலைப்பின்கீழ் எழுதிவைக்கிறது. தயாரிப்பாளர் தனித்த வரிசை எண் தராத மலிவான பென்டிரைவாக இருந்தால், விண்டோஸ் தானே ஓர் எண்ணை உருவாக்கி ஒட்டிவிடுகிறது. அதே பதிவின் உட்பிரிவுகளில், விண்டோஸ் 8 முதற்கொண்டு, அந்தச் சாதனம் முதன்முதலாக நிறுவப்பட்ட நேரமும், கடைசியாகச் செருகப்பட்ட நேரமும், கடைசியாகக் கழற்றப்பட்ட நேரமும் இடம்பெறுகின்றன. முதல் செருகலின் விவரம் கணினியின் நிறுவல் குறிப்புக் கோப்பிலும் தனியே பதிகிறது. எந்தப் பயனரின் கணக்கில் இது நடந்தது என்பதை அந்தப் பயனருக்குரிய தனிப் பதிவேடு காட்டிக்கொடுக்கிறது. இவை எவையும் உளவு பார்ப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. அடுத்த முறை அதே சாதனம் வந்தால் விரைவாக அடையாளம் காண்பதற்காகக் கணினி தன் வசதிக்கு வைத்துக்கொள்ளும் குறிப்புகளே. கணினித் தடயவியலாளர்கள், அதாவது கணினியில் எஞ்சியிருப்பதைக் கொண்டு நடந்ததைக் கட்டியெழுப்பும் வல்லுநர்கள், பல வழக்குகளில் முதலில் திறந்து பார்ப்பது இந்தக் குறிப்புகளைத்தான்.

அடுத்த அடுக்கு கோப்புகளைப் பற்றியது. ஊழியரின் அந்தரங்கத்துக்குப் பெரும் ஊறு நேர்வது இங்கேதான். பென்டிரைவிலுள்ள ஒரு கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தவுடன், ‘அண்மையில் திறந்தவை’ பட்டியலுக்காக விண்டோஸ் ஒரு சிறிய குறுக்குவழிக் கோப்பை உள்வட்டில் உருவாக்குகிறது. அந்தச் சிறு கோப்புக்குள் மூலக்கோப்பின் முழுப் பெயர், அது இருந்த பாதை, அதன் அளவு, அது உருவான, மாற்றப்பட்ட, திறக்கப்பட்ட நேரங்கள், பென்டிரைவின் தொகுதி எண், பென்டிரைவுக்கு ஊழியர் சூட்டிய பெயர் ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. பென்டிரைவைக் கழற்றியபின் இவை தாமாக அழிவதில்லை. விண்டோஸ் 7-இல் வந்த ‘ஜம்ப் லிஸ்ட்’ பட்டியல்கள் இதையே ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாகச் செய்கின்றன. கோப்புறைகளைத் திறந்து பார்த்த வரலாறு வேறோர் இடத்தில் பதிகிறது. படங்களைச் சிறுவடிவில் பார்த்திருந்தால் அந்தச் சிறுவடிவங்கள் பயனரின் கோப்பகத்தில் தேங்கிவிடக்கூடும். உள்ளடக்கத்தின் ஓர் எழுத்துகூட உள்வட்டில் தங்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கோப்பின் பெயர் ‘புற்றுநோய்ப் பரிசோதனை அறிக்கை’ என்றோ, ‘வேறு வேலைக்கான சுயவிவரம்’ என்றோ, ‘குடும்பநல நீதிமன்ற மனு’ என்றோ இருந்தால், மறைக்க வேண்டியதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

உள்ளடக்கமே தங்கிவிடும் வழிகளும் உண்டு. வேர்டு போன்ற மென்பொருள்கள் மின்தடைக்கு அஞ்சி, திறந்திருக்கும் ஆவணத்தின் மீட்புப் படியொன்றை உள்வட்டில் அவ்வப்போது சேமித்துக்கொள்கின்றன. அச்சுக்கு அனுப்பிய ஆவணம் அச்சு வரிசையில் தற்காலிகக் கோப்பாக உருவெடுக்கிறது. பொது அச்சுப்பொறியானால் அதன் சேவையகத்திலும் ஆவணத்தின் பெயரும் நேரமும் பதியக்கூடும். நினைவகம் போதாதபோது விண்டோஸ் அதன் ஒரு பகுதியை உள்வட்டின் பக்கக் கோப்புக்கு மாற்றுகிறது. இவற்றில் பல பின்னர் நீக்கப்பட்டாலும், நீக்குதல் என்பது பெயரை எடுத்துவிட்டு இடத்தை விடுவிப்பதே ஆகையால், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய உள்ளடக்கம் மீட்கத்தக்கதாகவே இருக்கக்கூடும்.

போர்ட்டபிள் மென்பொருளும் குறியாக்கமும்

பென்டிரைவிலிருந்து இயங்கும் உலாவி, தன் வரலாற்றையும் குக்கிகளையும் சேமித்த கடவுச்சொற்களையும் பென்டிரைவிலேயே வைத்துக்கொள்கிறது என்பது பெருமளவு உண்மை. அதே கணினியை மாற்றிப் பயன்படுத்தும் சக ஊழியரிடமிருந்து இது நல்ல காப்பு. ஆனால் எந்த நிரல், எந்த இடத்திலிருந்து, எந்த நேரத்தில் இயக்கப்பட்டது என்பதை விண்டோஸ் ‘பிரீஃபெட்ச்’ என்ற கோப்புகளில் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்த நிரலை விரைந்து தொடங்குவதற்கான ஏற்பாடு அது. உலாவி எங்கிருந்து இயங்கினாலும், அது அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளும் அலுவலக வலையமைப்பின் வழியாகவே வெளியே போகிறது. எந்தத் தளத்தின் பெயர் தேடப்பட்டது என்பது அங்கே தெரியும். பல நிறுவனங்கள் தம் சொந்தச் சான்றிதழைக் கணினிகளில் நிறுவி, குறியாக்கம் செய்யப்பட்ட இணையப் போக்குவரத்தையே இடைவழியில் பிரித்துப் பார்த்து மீண்டும் மூடி அனுப்புகின்றன. உலாவியின் ‘மறைநிலை’ச் சாளரம் இதை எவ்வகையிலும் தடுப்பதில்லை, அது மறைப்பது அந்த உலாவியின் வரலாற்றுப் பட்டியலை மட்டுமே.

குறியாக்கம் என்பது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை உருமாற்றிவைத்தல். இதைப் பற்றிய தவறான புரிதல் ஆபத்தானது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேருந்தில் பென்டிரைவ் தொலைந்துபோனால், குறியாக்கத்தைப் போன்ற காப்பு வேறில்லை. நீக்கிய கோப்புகளின் எச்சங்கள்கூடப் பிளாஷ் நினைவகத்தில் தேய்மானத்தைப் பரப்பும் பொறிமுறையால் எங்கெங்கோ தங்கியிருக்கும் என்பதால், மேலெழுதி அழிப்பதை நம்புவதைவிடத் தொடக்கத்திலேயே குறியாக்கம் செய்துவிடுவதே உறுதியான வழி. ஆனால் கடவுச்சொல்லைத் தட்டித் திறந்த கணத்திலிருந்து, அந்தக் கணினியைப் பொறுத்தவரை அது திறந்த பெட்டி. கடவுச்சொல்லைத் தட்டிய விசைப்பலகையும், கோப்பைக் காட்டிய திரையும், அதைத் தாங்கிய நினைவகமும் அலுவலகத்தின் நிர்வாகியின் ஆளுகையில் இருப்பவை.

நடைமுறைத் தடைகளும் சிறியவை அல்ல. வெராகிரிப்ட் என்ற புகழ்பெற்ற கட்டற்ற மென்பொருளைக் கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்து இயக்குவதற்கும் நிர்வாகி அதிகாரம் தேவை, ஏனெனில் அது இயங்குதளத்தின் அடித்தளத்தில் ஓர் இயக்கியை ஏற்ற வேண்டியிருக்கிறது. சாதாரண ஊழியரின் கணக்குக்கு அந்த அதிகாரம் இருப்பதில்லை. அதற்கு மாற்றாகச் செவன்-ஜிப் போன்ற சுருக்கு மென்பொருளில் கடவுச்சொல்லிட்ட பொதியைப் பயன்படுத்துவோர் அந்தப் பொதிக்குள்ளிருந்தே ஒரு கோப்பைச் சொடுக்கித் திறந்தால், மென்பொருள் அதைக் குறியாக்கம் நீக்கிய நிலையில் உள்வட்டின் தற்காலிகக் கோப்புறையில் பிரித்துவைத்த பின்னரே திறக்கிறது. பென்டிரைவை விட்டு வெளியே வரவே கூடாது என்று பூட்டிவைத்த கோப்பு, பூட்டில்லாமல் அலுவலக வட்டில் போய் அமர்ந்துகொள்கிறது. பயனருக்கு அது நடந்ததே தெரிவதில்லை. பென்டிரைவைக் குறியாக்கம் செய்ய விண்டோஸ் 7 காலத்தில் வந்த ‘பிட்லாக்கர் டு கோ’ வசதியில் வேறொரு சிக்கல் உண்டு. குறியாக்கம் செய்யப்படாத பென்டிரைவில் எழுதக் கூடாது என்று நிறுவனம் கொள்கை வகுத்திருந்தால், செருகியவுடன் அதைக் குறியாக்கம் செய்யலாமா என்று கணினி கேட்கும். ஊழியர் சம்மதித்தால், மீட்புச் சாவியின் ஒரு படி நிறுவனத்தின் அடைவுச் சேவையகத்தில் சேமிக்கப்படுமாறு அமைக்க முடியும். அப்படி அமைத்திருந்தால், சொந்தக் காசில் வாங்கிய பென்டிரைவின் சாவி நிறுவனத்தின் கையில் இருக்கும்.

உள்வட்டிலுள்ள விண்டோஸைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளத்தைத் தொடங்கும் வழியும் உண்டு. 2009-இல் தொடங்கிய டெய்ல்ஸ் இவ்வகையில் பெயர்பெற்றது. நினைவகத்திலேயே இயங்கி, அணைத்ததும் மறந்துவிடும் வகையில் அது வடிவமைக்கப்பட்டுள்ளது. தடயம் என்ற அளவில் இதுவே மிகக் குறைவாக விட்டுச்செல்வது. ஆயினும் முறையாக நிர்வகிக்கப்படும் அலுவலகக் கணினியில் தொடக்க அமைப்புகள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். அவற்றை மாற்ற முயன்றாலே உள்வட்டின் பிட்லாக்கர் குறியாக்கம் அடுத்த முறை மீட்புச் சாவி கேட்டு நிற்கக்கூடும். அந்தச் சாவிக்காக ஊழியர் தொழில்நுட்பப் பிரிவிடம்தான் போய் நிற்க வேண்டும். வன்பொருளோ அதன் அடிப்படை மென்பொருளோ மாற்றப்பட்டிருந்தால் தம்மால் காக்க இயலாது என்று டெய்ல்ஸ் உருவாக்கியோரே தம் ஆவணங்களில் எச்சரிக்கின்றனர். அந்தரங்கம் தேடியவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவதற்கு இதைவிட நேரான வழி வேறில்லை என்பதால், அலுவலகக் கணினிக்கு இது பரிந்துரைக்கத்தக்கது அன்று.

இதுவரை சொன்னவை விண்டோஸ் தானாக விட்டுவைக்கும் தடயங்கள். நிறுவனம் வேண்டுமென்றே நிறுவும் கண்காணிப்பு முகவர் மென்பொருள்கள் இவற்றுக்கும் மேலே. தரவுக் கசிவுத் தடுப்பு எனப்படும் மென்பொருள்கள், எந்தக் கோப்பு எந்தப் பென்டிரைவுக்கு நகலெடுக்கப்பட்டது என்பதை உடனுக்குடன் மையச் சேவையகத்துக்கு அறிவிக்கின்றன. சில, நகலெடுக்கப்பட்ட கோப்பின் ஒரு படியையே சான்றாக எடுத்துவைத்துக்கொள்கின்றன. வைரஸ் தடுப்பு மென்பொருளும் பென்டிரைவின் கோப்புகளைப் படிக்கிறது. ஐயத்துக்குரியது என்று கருதியதை ஆய்வுக்காகத் தயாரிப்பாளரின் சேவையகத்துக்கு அனுப்பும் வசதி அதற்கு உண்டு. மின்னேற்றுவதற்காக மட்டும் கைப்பேசியை அலுவலகக் கணினியில் செருகுவோரும் இந்த வலைக்குள் வருகிறார்கள், ஏனெனில் கணினிக்கு அதுவும் ஒரு சேமிப்புக் கருவியே.

நிறுவனங்களின் அச்சம்

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்ற கேள்விக்கு விடை 2008-இலிருந்து தொடங்குகிறது. மத்தியக் கிழக்கிலுள்ள ஓர் அமெரிக்கப் படைத்தளத்தில், தீநிரல் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று மடிக்கணினியில் செருகப்பட்டதன் வழியாக, இரகசிய வலையமைப்பு வரை தொற்று பரவியது. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை அவ்வாண்டு நவம்பரில் பென்டிரைவ்களுக்கே தடை விதித்து, 2010 பிப்ரவரியில்தான் கட்டுப்பாடுகளுடன் தளர்த்தியது. 2008 இறுதியில் தோன்றிய கான்ஃபிக்கர் என்ற தீநிரல், செருகியவுடன் தானாக நிரலை இயக்கும் விண்டோஸ் வசதியையும் பயன்படுத்தி உலகெங்கும் பரவியது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் அந்த வசதியை முடக்கியது. 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட், கோப்புறையைத் திறந்து குறுக்குவழியின் சின்னத்தைப் பார்த்தாலே இயங்கிவிடும் ஒரு குறையைப் பயன்படுத்தி, இணையத்தோடு இணைக்கப்படாத ஈரானின் நத்தான்ஸ் அணுச் செறிவூட்டல் நிலையத்துக்குள் புகுந்தது. 2014-இல் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் இருவரும், பென்டிரைவின் உள் நிரலையே மாற்றியெழுதி, அது தன்னை ஒரு விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டு கட்டளைகளைத் தட்டும்படி செய்ய முடியும் என்று காட்டினர். கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு இது புலப்படுவதில்லை.

மனிதரின் ஆர்வமும் இதில் பங்கு வகிக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென்டிரைவ்களை வேண்டுமென்றே போட்டுவிட்டுப் பார்த்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். 98 விழுக்காடு எடுத்துச் செல்லப்பட்டிருந்தன, குறைந்தது 45 விழுக்காட்டில் யாரோ ஒருவர் கோப்பைத் திறந்திருந்தார்.

தொலைந்துபோகும் பென்டிரைவ் இன்னொரு அச்சம். 2017 அக்டோபரில் லண்டன் ஹீத்ரூ விமான நிலைய ஊழியர் தவறவிட்ட ஒன்றைத் தெருவில் கண்டெடுத்த பொதுமகன் ஒருவர் அதை நூலகக் கணினியில் செருகிப் பார்த்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள், குறியாக்கமோ கடவுச்சொல்லோ இல்லாமல் இருந்தன. பிரித்தானியத் தகவல் ஆணையர் அலுவலகம் அடுத்த ஆண்டு விமான நிலையத்துக்கு 1,20,000 பவுண்டு அபராதம் விதித்தபோது, 6,500 பணியாளர்களில் இரண்டு விழுக்காட்டினருக்கு மட்டுமே தரவுப் பாதுகாப்பில் பயிற்சி தரப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. 2022 ஜூனில் ஜப்பானின் அமகசாகி நகரவாசிகள் ஏறத்தாழ 4,60,000 பேரின் விவரங்கள் அடங்கிய பென்டிரைவை, ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் குடித்துவிட்டுத் தெருவில் உறங்கியபோது தொலைத்தார். அது குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. சில நாள்களில் கிடைத்தும்விட்டது. இத்தகைய நிகழ்வுகளின் நடுவே, 2018 மே மாதம் ஐ.பி.எம். நிறுவனம் உலகெங்குமுள்ள தன் ஊழியர்கள் அகற்றத்தக்க சேமிப்புச் சாதனங்களில் தரவை எழுதுவதைத் தடைசெய்தது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தொடக்ககாலப் பென்டிரைவைத் தன் பெயரில் விற்றதும் அதே நிறுவனந்தான்.

நீதிமன்றங்கள் வகுத்த கோடு

பென்டிரைவையே நேரடியாக எடுத்து ஆராய்ந்த தீர்ப்புகளுக்குப் பிரான்சைத்தான் நோக்க வேண்டும். பணி நேரத்திலும் பணியிடத்திலும் ஊழியருக்கு அந்தரங்க வாழ்வு உண்டு என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான காசேஷன் நீதிமன்றம் 2001 அக்டோபர் 2 அன்று, நிக்கான் நிறுவனம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் 2013 பிப்ரவரி 12 அன்று அதே நீதிமன்றம் ஒரு முக்கியமான வரம்பை இட்டது. பணிக்காக முதலாளி தந்த கணினியோடு இணைக்கப்பட்ட பென்டிரைவ், இணைக்கப்பட்ட அளவிலேயே பணிப் பயன்பாட்டுக்குரியது என்று அனுமானிக்கப்படும். அதில் ‘சொந்தம்’ என்று குறிக்கப்படாத கோப்புகளை ஊழியர் இல்லாதபோதும் முதலாளி திறக்கலாம் என்றது. பென்டிரைவ் யாருடைய காசில் வாங்கப்பட்டது என்ற கேள்வியை இது பின்னுக்குத் தள்ளுகிறது. எதில் செருகப்பட்டிருந்தது என்பதே கோட்டைத் தீர்மானிக்கிறது. 2024 செப்டம்பர் 25 அன்று வந்த தீர்ப்பு மறுபுறத்தைத் தெளிவாக்கியது: கணினியோடு இணைக்கப்படாத ஊழியரின் சொந்தப் பென்டிரைவ்களை எடுத்துப் பார்ப்பது அந்தரங்க மீறலே, எனினும் அதனால் கிடைத்த சான்று, நிரூபணத்துக்கு இன்றியமையாததாகவும் மீறலின் அளவு நோக்கத்துக்கு ஏற்றதாகவும் இருந்தால் ஏற்கப்படலாம்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2017 செப்டம்பர் 5 அன்று, ருமேனியாவின் பர்புலெஸ்கு வழக்கில், கண்காணிப்பு நடக்கப்போகிறது என்பதும் அதன் அளவும் ஊழியருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டனவா, குறைவான ஊடுருவலுள்ள வேறு வழி இருந்ததா என்பவற்றை ஆராயாமல் முதலாளிக்குச் சாதகமாக முடிவெடுக்க இயலாது என்று நிறுவியது. அமெரிக்காவில் 2010-இல் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கில், பணிவிலகிய பெண் ஒருவர் அலுவலக மடிக்கணினியிலிருந்து தம் சொந்த யாஹூ கணக்கின் வழியே வழக்கறிஞருக்கு எழுதிய மடல்களின் பிம்பங்கள், உலாவியின் தற்காலிகக் கோப்புகளில் தங்கியிருந்து, நிறுவனம் அமர்த்திய தடயவியலாளரின் கையில் சிக்கின. வழக்கறிஞருடனான மடல்கள் என்பதால் நீதிமன்றம் அவருக்குக் காப்பளித்தது, தொழில்நுட்பம் அளிக்கவில்லை.

இந்தியாவில் பணியிடக் கண்காணிப்புக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கணினியின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் தரவை நகலெடுப்பவரும் வைரஸைப் புகுத்துபவரும் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் என்கிறது. அகற்றத்தக்க சேமிப்பு ஊடகத்திலுள்ள தரவையும் அப்பிரிவு பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. அதே செயல் நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்துடன் செய்யப்பட்டால், 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தது பெருமைக்குரியது. ஆனால் அடிப்படை உரிமை முதன்மையாக அரசுக்கு எதிராகவே நிற்பது, தனியார் முதலாளிக்கு எதிராக அதை நேரடியாக எழுப்புவது எளிதன்று. 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பணி சார்ந்த நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்தும் தொழில் உளவிலிருந்தும் காப்பதற்காகவும், சம்மதம் பெறாமலேயே ஊழியரின் தரவைக் கையாள 7-ஆம் பிரிவில் இடம் தருகிறது. ஐரோப்பாவில் முன்னறிவிப்பு என்ற ஒரு தூண் கண்காணிப்பைத் தாங்கி நிற்கிறது. இங்கே அதன் இடம் பெரும்பாலும் பணி நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில், ஒரே வரியில் முடிந்துபோகிறது.

பதிவுக்குத் தெரியாதது

இவ்வளவு தடயங்களும் ஒன்றை மட்டும் சொல்ல மாட்டா: எண்ணத்தை. ஊழியர் ஒருவர் தம் மகளின் மதிப்பெண் பட்டியலை அச்செடுக்கச் செருகிய பென்டிரைவும், வாடிக்கையாளர் பட்டியலைக் கொண்டுபோகச் செருகிய பென்டிரைவும், ரெஜிஸ்ட்ரியில் ஒரே மாதிரியான வரிகளையே விட்டுச்செல்கின்றன. ராஜினாமா கொடுத்தபின் கழியும் வாரங்களில் இந்த வேறுபாடின்மை கொடுமையானதாக மாறுகிறது. தம் குடும்பப் படங்களையும் சம்பளச் சீட்டுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டவர், தாம் வேறெதையும் எடுக்கவில்லை என்று நிறுவ வேண்டிய நிலைக்குத் தள்ளப்படலாம். அச்சத்தால் தடயங்களை அழிக்கும் மென்பொருளை ஓட்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அமெரிக்காவின் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல், பணிவிலகும் ஊழியர் அலுவலக மடிக்கணினியை மீட்க இயலாதபடி அழித்ததே சட்டமீறலாகலாம் என்று கருதியது. மறைக்க எதுவும் இல்லாதவர் அழிப்பதும் மறைப்பதாகவே படிக்கப்படும்.

எனவே அலுவலகக் கணினியில் பென்டிரைவால் சக ஊழியரிடமிருந்தும் கண்டெடுத்தவரிடமிருந்தும் அந்தரங்கத்தைக் காக்கலாம். கணினியின் உரிமையாளரிடமிருந்து காக்க முடியாது. இதை மாற்றக்கூடிய தொழில்நுட்பத் தந்திரம் எதுவும் இல்லை. தந்திரம் கூடக்கூட ஐயமும் கூடுகிறது. வழி இருப்பது நிறுவனத்தின் பக்கத்தில். தணிக்கை செய்யப்பட்ட பென்டிரைவ்களை வரிசை எண்ணைக் கொண்டு அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாம்; வலையமைப்போடு இணைக்கப்படாத ஒரு தனிக் கணினியை வாசலருகே வைத்து, வெளியிலிருந்து வரும் பென்டிரைவ்களை அங்கே சோதிக்கச் செய்யலாம்; ஊழியர்களின் சொந்த அச்சுத் தேவைக்கென்று, பணித் தரவு எதுவும் இல்லாத ஒரு கணினியையும் ஓர் அச்சுப்பொறியையும் ஒதுக்கலாம். சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் முடியும் இந்த ஏற்பாடு, எழுத்தரும் கிடங்குக் கணக்கரும் இடைவேளையில் ஒளிந்து செய்வதை வெளிச்சத்தில் செய்ய வழிவிடும்; பென்டிரைவ் வழித் தொற்றையும் வாசலிலேயே நிறுத்தும்.

ஊழியர் தம் மருத்துவ, வழக்கு, வங்கி ஆவணங்களை அலுவலகக் கணினியில் திறக்காமல் இருப்பது நல்லது. திறந்தே ஆக வேண்டுமானால், கொள்கை என்ன சொல்கிறது என்று தொழில்நுட்பப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பணிவிலகும் நாளில் எடுத்துச் செல்லும் சொந்தக் கோப்புகளை மேலாளர் முன்னிலையிலேயே நகலெடுத்துக்கொள்வது பிற்காலப் பழியைத் தவிர்க்கும். நிறுவனங்கள் செய்ய வேண்டியது ஒன்று மீதமிருக்கிறது. எந்தச் சாதனம் செருகப்பட்டால் எது பதிவாகிறது, அந்தப் பதிவை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை, ஊழியர் படிக்கும் மொழியில், ஒரே ஒரு பக்கத்தில் எழுதிப் பணியில் சேரும் நாளன்றே கையில் கொடுக்க வேண்டும். தமிழில் பேசி வேலை வாங்கும் அலுவலகங்களில் அந்தப் பக்கம் தமிழில் இருக்கட்டும்.